ட்ரோன் ஒளிப்பட அளவையில் நிலக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளும் உயர அடிப்படையும்: தாம்பரம், தென்சென்னைப் புறநகரை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ட்ரோன் ஒளிப்படங்களிலிருந்து உருவாக்கப்படும் நில உயர மாதிரிகள் வெள்ள வடிகால் திட்டம், ஏரிப் புனரமைப்பு முதலிய பணிகளுக்கு இன்று பரவலாகப் பயன்படுகின்றன. இவற்றில் கிடைமட்ட அளவைவிட உயர அளவே எளிதில் பிழைபடுவது. சரிவு மிகக் குறைந்த தென்சென்னைப் புறநகரில் அப்பிழை நீர் ஓடும் திசையையே மாற்றிக் காட்டவல்லது. எத்தனை நிலக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வைக்கப்பட்டன என்பதைவிட, அவை எந்த உயர அடிப்படையோடு பிணைக்கப்பட்டன, தனித்த சரிபார்ப்புப் புள்ளிகளால் சோதிக்கப்பட்டனவா என்னும் வினாக்களே முதன்மையானவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: ட்ரோன், ஒளிப்பட அளவையியல், நிலக் கட்டுப்பாட்டுப் புள்ளி, சரிபார்ப்புப் புள்ளி, சராசரிக் கடல்மட்டம், ஜியாய்டு, மட்டமளத்தல், தாம்பரம்.

முன்னுரை

2015 டிசம்பர் 1, 2 ஆகிய நாட்களின் பெருமழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்துக்குள் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் ஆகிய பகுதிகள் நீரில் மூழ்கின. அடுத்தடுத்த இரு தெருக்களில் ஒன்று மூழ்கியதும் மற்றொன்று தப்பியதும் பெரும்பாலும் ஓரிரு அடி உயர வேறுபாட்டால் நேர்ந்தவையே. 2021ஆம் ஆண்டு தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலைப் பேரூராட்சிகளும் ஒன்றிணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. தனித்தனியே திட்டமிடப்பட்டுவந்த வடிகால்களை ஒரே உயர அடிப்படையில் வைத்துப் பார்க்க வேண்டிய தேவை அப்போது மேலும் கூடியது.

இத்தேவைக்கு ட்ரோன் பொருத்தமான கருவியாகத் தோன்றுகிறது. சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான படங்கள், மறுநாள் வண்ணம் தீட்டிய உயர வரைபடம் என்று அதன் வேகம் ஈர்க்கக்கூடியது. ஆனால் வரைபடத்தின் கூர்மை வேறு, அதிலுள்ள எண்களின் மெய்ம்மை வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளும் போக்கு ஆய்வேடுகளிலும் திட்ட அறிக்கைகளிலும் காணப்படுகிறது.

படங்கள் தரும் வடிவமும் தராத இடமும்

ஒன்றன்மேல் ஒன்று பெருமளவு கவியும் படங்களில் ஒரே பொருளைப் பல கோணங்களிலிருந்து கண்டு, கேமரா நின்ற இடங்களையும் நிலத்தின் வடிவத்தையும் ஒருங்கே கணிப்பதே ஒளிப்பட அளவையின் அடிப்படை. படங்களை மட்டும் கொண்டு இக்கணிப்பைச் செய்தால் வடிவம் கிடைக்கும். அதன் அளவு, சாய்வு, இருப்பிடம் ஆகியவை கிடைக்கமாட்டா. பத்து மீட்டர் அகலத் தெருவின் படமும் அதன் ஒரு மீட்டர் பொம்மை மாதிரியின் படமும் கணிப்புக்கு ஒன்றே. ஆகவே நிலத்தில் ஆயங்கள் அளக்கப்பட்ட, படத்தில் ஐயமின்றி அடையாளம் காணத்தக்க புள்ளிகள் தேவைப்படுகின்றன. அவையே நிலக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள்.

இக்கருத்துக்குத் தென்சென்னைப் புறநகரிலேயே இரு நூற்றாண்டுப் பழமையான முன்னோடி உண்டு. 1802 ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்டன், புனித தோமையார் மலைப் பகுதிக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். பின்னாளில் இமயம்வரை நீண்ட மாபெரும் முக்கோண அளவையின் தொடக்கம் அது. ஏறத்தாழ 40,006 அடி, அதாவது 12 கி.மீ.க்குச் சற்று மிகுந்த அத்தொலைவு, நூறடி எஃகுச் சங்கிலியால் அளக்கப்பட்டது. சங்கிலி தொய்யாதிருக்க அதை மரப்பெட்டிகளில் கிடத்தி முக்காலிகளில் தாங்கினர். வெப்பத்தால் அது நீளும் அளவைத் திருத்த வெப்பமானிகளை வைத்தனர். அளந்த நீளம் பின்னர்க் கடல்மட்டத்துக்கு ஒப்பாகக் குறைத்துக் கணிக்கப்பட்டது. கோணங்களை மட்டும் அளந்து முக்கோணங்களை அடுக்கிச் செல்லும் முறைக்கு ஓர் அளந்த நீளம் எவ்வளவு இன்றியமையாததோ, ட்ரோன் படத் தொகுதிக்குக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளும் அவ்வளவு இன்றியமையாதவை.

லாம்டனின் பணியில் அடிக்கோட்டைக் காட்டிலும் கற்கத்தக்கது அடுத்து அவர் செய்தது. முக்கோண வரிசை பெங்களூரை அடைந்ததும் 1804இல் அங்கு இரண்டாவது அடிக்கோடு ஒன்று தரையில் நேரடியாக அளக்கப்பட்டது. சென்னையிலிருந்து கணித்துவந்த நீளத்துக்கும் அங்கு அளந்த நீளத்துக்கும் இடையே நான்கு அங்குலத்துக்கும் குறைவான வேறுபாடே இருந்தது. கணிப்பில் கலந்துகொள்ளாத ஓர் அளவு கணிப்பைச் சோதித்தது. இன்றைய சரிபார்ப்புப் புள்ளியின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கியுள்ளது.

எந்த மட்டத்திலிருந்து உயரம்?

செயற்கைக்கோள் வழி இடங்காணும் கருவி தரும் உயரம் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடப்படுவதன்று. பூமிக்கு ஒப்பாகக் கொள்ளப்பட்ட நீள்கோளம் என்னும் கணிதப் பரப்பிலிருந்து கணக்கிடப்படுவது. நீரோ ஈர்ப்புவிசைக்குக் கட்டுப்பட்டு ஓடுகிறது. சராசரிக் கடல்மட்டத்தை நிலத்தடியிலும் நீட்டிப் பார்க்கும் ஈர்ப்புச் சமமட்டப் பரப்பே ஜியாய்டு. ஒரு புள்ளியின் நீள்கோள உயரத்திலிருந்து அவ்விடத்து ஜியாய்டு உயரத்தைக் கழித்தால் கடல்மட்ட உயரம் கிடைக்கும்.

உலகின் மிக ஆழமான ஜியாய்டுப் பள்ளம் இந்தியாவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உள்ளது. அங்கு ஜியாய்டு நீள்கோளத்துக்கு ஏறத்தாழ 106 மீட்டர் கீழே செல்கிறது. அப்பள்ளத்தின் விளிம்பில் அமைந்த சென்னைப் பகுதியில் இவ்வேறுபாடு சற்றேறக்குறைய 90 மீட்டர். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 30 மீட்டர் உயரத்திலுள்ள தாம்பரத்தில் கருவி காட்டும் எண் மைனஸ் 60 மீட்டர் அளவில் இருப்பது இதனாலேயே. ஏறத்தாழ 300 அடி உயரமுள்ள புனித தோமையார் மலையின் உச்சிதான் நீள்கோளப் பரப்பை ஒட்டி நிற்கிறது. புறநகரின் பெரும்பகுதி அதற்குக் கீழே கிடக்கிறது.

தொண்ணூறு மீட்டர் பிழை யார் கண்ணுக்கும் தப்பாது. அஞ்சத்தக்கது சிறிய பிழை. மென்பொருளில் பழைய உலகளாவிய ஜியாய்டு மாதிரியைத் தேர்ந்தால் ஓர் எண்ணும், புதியதைத் தேர்ந்தால் பல சென்டிமீட்டர் மாறுபட்ட மற்றோர் எண்ணும் வரும். இரண்டும் பார்வைக்கு நம்பத்தக்கவை. பழைய மட்டக்குறியோடு இரண்டும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. இந்தியாவின் மரபான உயர அடிப்படை, சென்னை, நாகப்பட்டினம் உள்ளிட்ட ஒன்பது துறைமுகங்களின் ஓதப் பதிவுகளைக் கொண்டு 1909இல் வரையறுக்கப்பட்டது. ஒன்பது இடங்களிலும் சராசரிக் கடல்மட்டம் ஒரே சமமட்டத்தில் உள்ளதென்பது அதன் கருதுகோள். நடைமுறைக்கு உதவிய கருதுகோளாயினும் அது முற்றிலும் உண்மையன்று. பின்னர் இந்திய நில அளவைத் துறை 2009 என்னும் ஆண்டுப் பெயர் தாங்கிய புதிய உயர அடிப்படையை உருவாக்கியது. ஆகவே 'கடல்மட்டத்துக்கு மேல்' என்று மட்டும் எழுதிய வரைபடம் பாதித் தகவலையே தருகிறது. எந்தக் கடல்மட்டம், எந்த மட்டக்குறி வழியாக என்பன உடன் வரவேண்டும்.

ட்ரோனிலேயே உயரங்கள் பலவாகும் என்பதும் குழப்பத்துக்கு இடமளிக்கிறது. பறக்கும்போது திரையில் தெரிவது புறப்பட்ட இடத்திலிருந்து காற்றழுத்தத்தால் மதிப்பிட்ட உயரம். படக்கோப்பில் பதிவாவது சில கருவிகளில் நீள்கோள உயரம். ஆனால் அது கடல்மட்ட உயரம் என்னும் பெயரில் பதிவாகியிருக்கக்கூடும். இரயில் நிலையப் பெயர்ப்பலகையில் எழுதப்பட்ட கடல்மட்ட உயரத்தை மட்டக்குறியாகக் கொள்ளும் மாணவர்களும் உள்ளனர். அது பயணிக்கான தகவல். எந்தப் பரப்பின் உயரம் என்பதைப் பலகை சொல்வதில்லை.

கட்டுப்பாட்டுப் புள்ளிகளை மட்டத்தோடு பிணைத்தல்

நடைமுறையில் ஏற்புடைய வழி இரு அளவைகளையும் இணைப்பது. எல்லாக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளையும் செயற்கைக்கோள் கருவியால் அளந்து, அவற்றுள் பரப்பின் ஓரங்களிலும் நடுவிலும் அமைந்த நான்கைந்து புள்ளிகளுக்கு நிலையான மட்டக்குறியிலிருந்து மட்டமளக்கும் கருவியால் உயரம் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலும் நீள்கோள உயரத்துக்கும் மட்டமளந்த உயரத்துக்கும் உள்ள வேறுபாடே அவ்விடத்து ஜியாய்டு உயரத்தின் நேரடி அளவு. அவ்வேறுபாடுகள் அளவைப் பிழைக்குள் ஒன்றாக இருப்பின் சராசரியை எல்லாப் புள்ளிகளுக்கும் பயன்படுத்தலாம். ஒரு திசையில் சீராகக் கூடினால் சாய்தளம் ஒன்றைப் பொருத்த வேண்டும். தளத்தை வரையறுக்க மூன்று புள்ளிகள் போதும். நான்காவது புள்ளி இன்றேல் மூன்றில் ஒன்று பிழையானாலும் தெரியவராது.

மட்டமளக்கும்போது முன்னோக்கு, பின்னோக்குத் தொலைவுகள் சமமாக இருக்க வேண்டும், தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து முடிக்க வேண்டும் என்பன பாலிடெக்னிக் பாடநூலிலேயே உள்ளவை. ட்ரோனின் வேகத்துக்குப் பழகியவர்கள் முதலில் கைவிடுவதும் இவற்றைத்தான். கிலோமீட்டரில் கூறிய சுற்றுத் தொலைவின் வர்க்கமூலத்தை 12 மி.மீ.யால் பெருக்கிய அளவை முடிவுப் பிழைக்கு எல்லையாகக் கொண்டால், 4 கி.மீ. சுற்றுக்கு 24 மி.மீ. அனுமதிக்கலாம். ட்ரோன் மாதிரியிடம் எதிர்பார்க்கும் துல்லியத்துக்கு இது தாராளமாகப் போதும்.

செயற்கைக்கோள் அளவீட்டில் உயரம் கிடைமட்டத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரு மடங்கு நலிந்தது. செயற்கைக்கோள்கள் யாவும் வானத்திலேயே இருப்பதால் கீழிருந்து தாங்கும் அளவு எதுவும் இல்லை. காந்த நடுவரைக்கு அண்மையிலுள்ள தமிழகத்தில் அயனிமண்டலக் குலைவும் இதனோடு சேர்கிறது. சூரியன் மறைந்தபின் அது மிகுவதுண்டு. காலையில் ஒருமுறையும் சில மணி நேரம் கழித்து மறுமுறையும் அளந்து ஒப்பிடுவது நல்லது. தடியின் நீளத்தைத் தவறாக உள்ளிடுதல், ஆன்டெனா உயரத்தைச் சாய்வாக அளந்து செங்குத்தெனக் கொள்ளுதல் ஆகிய சிறு கவனக்குறைவுகள் எல்லாப் புள்ளிகளையும் ஒரே அளவு உயர்த்திவிடுவதால், உள்முரண் எதுவும் தோன்றாது.

கிடைமட்டத்தில் ஒரு செய்தி மட்டும் இங்குக் குறிக்கத்தக்கது. தாம்பரம் 44 வடக்கு என்னும் யூடிஎம் மண்டலத்தில், மைய நெடுவரைக்கு மேற்கே ஏறத்தாழ 95 கி.மீ. தொலைவில் உள்ளது. அங்கு அளவுக் காரணி சுமார் 0.9997. தரையில் டோட்டல் ஸ்டேஷனால் அளந்த ஒரு கிலோமீட்டர், வரைபடக் கட்டத்தில் ஏறத்தாழ 29 செ.மீ. குறைந்து தோன்றும். இதைக் கருவிப் பிழையென எண்ணிச் சரிசெய்ய முனைந்தால் புதுப் பிழையே உண்டாகும்.

புள்ளிகளின் பரவலும் குவிமாடப் பிழையும்

8.8 மி.மீ. குவியத் தொலைவும் 2.4 மைக்ரோமீட்டர் படப்புள்ளியும் உடைய கேமரா 100 மீட்டர் உயரத்தில் பறக்கையில், ஒரு படப்புள்ளி தரையில் 2.7 செ.மீ. பரப்பைக் காட்டும். நல்ல கட்டுப்பாடு இருந்தால் கிடைமட்டப் பிழை ஒன்றிரண்டு படப்புள்ளி அளவிலும், உயரப் பிழை அதைவிடச் சற்றுக் கூடியும் அமையும். 'நல்ல கட்டுப்பாடு' என்பதன் பொருளே இங்கு ஆராயத்தக்கது.

கேமரா நேர்கீழே நோக்கியபடி இணைகோடுகளில் மட்டும் பறக்கும்போது, வில்லையின் ஆரத் திரிபைக் கணிப்பு சற்றே தவறாக மதிப்பிட்டாலும் நிலம் நடுவில் குவிந்தோ குழிந்தோ தோன்றும். மைக் ஜேம்ஸ், ஸ்டூவர்ட் ராப்சன் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இக்குவிமாடப் பிழையை விளக்கி, சாய்கோணப் படங்களைச் சேர்ப்பதால் அது பெரிதும் குறைவதைக் காட்டியது. மலைப்பாங்கான நிலத்தில் இத்தகைய பிழை கவனிக்கப்படாமலே போகலாம். தென்சென்னைப் புறநகரின் நிலை வேறு. 2 கி.மீ. நீள வடிகால் ஒன்று மொத்தம் ஒரு மீட்டர் மட்டுமே தாழ்வதாகக் கொள்வோம். நடுவில் 60 செ.மீ. குவிமாடம் தோன்றினால், முதல் கிலோமீட்டரில் 50 செ.மீ. தாழ வேண்டிய நிலம் 10 செ.மீ. ஏறுவதாக வரைபடம் காட்டும். நீர் பின்னோக்கி ஓடுவதாகக் கொண்டு வடிகால் வரையப்படும்.

எனவே புள்ளிகளை நான்கு மூலைகளில் மட்டும் வைப்பது போதாது. ஓரங்களில் இடைவெளி விட்டும், பரப்பின் நடுவிலும், உயரம் மாறும் இடங்களிலும் அவை அமைய வேண்டும். ஜிஎஸ்டி சாலை போன்ற நேரான பாதையின் இருபுறமும் மட்டும் புள்ளிகளை வைத்தால் படத் தொகுதி அக்கோட்டை அச்சாகக் கொண்டு சாயும். புறநகரில் வாகனங்கள் எட்டும் இடங்களிலேயே புள்ளிகளை வைக்கும் பழக்கம் இப்பிழைக்கு இட்டுச் செல்கிறது. ஏரிக்கரை, மைதானம், அடுக்குமாடியின் உட்சாலை ஆகியவற்றுக்கும் நடந்து சென்றாக வேண்டும்.

ட்ரோனின் இடத்தையே சென்டிமீட்டர் அளவில் பதிவுசெய்யும் வசதி வந்தபின் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வேண்டா என்னும் கருத்து பரவியுள்ளது. இந்திய நில அளவைத் துறை நிறுவியுள்ள தொடர் இயக்க நிலையங்களின் வலையமைப்பும் இக்கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. புள்ளிகளின் எண்ணிக்கையை இவ்வசதி பெரிதும் குறைக்கிறது என்பது உண்மை. ஆயினும் கேமராவின் குவியத் தொலைவு ஆயிரத்தில் ஒரு பங்கு தவறினால், 100 மீட்டர் உயரப் பறப்பில் நிலம் முழுவதும் 10 செ.மீ. ஏறவோ இறங்கவோ செய்யும். கேமரா நின்ற இடம் எவ்வளவு சரியாகத் தெரிந்திருந்தாலும் இப்பிழை நீங்காது. தரையில் உள்ள ஓரிரு புள்ளிகளே அதைப் பிடிக்கும்.

பறப்பு அனுமதியும் இங்கு அளவை வடிவமைப்பைப் பாதிக்கும் காரணி. 2021 ஆகஸ்டில் வெளியான ட்ரோன் விதிகளின்படி, இயங்கும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 கி.மீ.க்குள் பச்சை மண்டலம் இல்லை. 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிக்கு மேல் முன்அனுமதி தேவை. மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் உள்ள இப்பகுதியில் விரும்பிய உயரத்தில் விரும்பிய நாளில் பறக்க இயலாது. தாழப் பறந்தால் படங்கள் பெருகும். படத்துக்குப் படம் சேரும் சிறு பிழைகளும் பெருகும். புள்ளிகளை நெருக்கி வைக்க வேண்டிவரும்.

ஏரித் தொடரும் கலிங்கும்

சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் முதலிய ஏரிகளின் உபரிநீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைகிறது. இத்தொடரின் இயக்கம் கலிங்குகளின் உயரத்தைப் பொறுத்தது. மேல் ஏரியின் கலிங்கு மட்டத்துக்கும் கீழ் ஏரியின் முழுநீர் மட்டத்துக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல் வாய்க்காலைத் தூர்வாரித் திட்டமிடுவதில் பயனில்லை. ஒவ்வோர் ஏரியும் தனிப் பறப்பாக, தனிக் கட்டுப்பாட்டோடு அளக்கப்பட்டால், ஒவ்வொரு மாதிரியும் தன்னளவில் சரியாகவும் தமக்குள் பொருந்தாமலும் இருக்கும். ஏரித் தொடர் முழுவதையும் ஒரே மட்டச் சுற்றால் இணைத்தபின் பறப்பதே முறை.

கலிங்கின் கல்முகடு உறுதியானது, படத்தில் தெளிவாகத் தெரிவது, நீரியலுக்கு நேரடிப் பொருளுடையது. ஆகவே அது சிறந்த சரிபார்ப்புப் புள்ளி. பழைய ஏரிக் குறிப்புகளில் கலிங்கு மட்டம் எழுதப்பட்டிருந்தால், அவ்வெண் கடல்மட்டத்தைச் சார்ந்ததா உள்ளூர் அடிமட்டத்தைச் சார்ந்ததா என்று சோதித்த பின்னரே அதை ஒப்பிட வேண்டும்.

ஒளிப்படம் மேற்பரப்பையே காணும். ஆகாயத்தாமரை மூடிய ஏரியில் இலைப்பரப்பும், கருவேலங்காட்டில் மரத்தலையும் நிலமாகப் பதிவாகும். அசையும் நீர்ப்பரப்பில் பொருத்துவதற்கு நிலையான புள்ளி கிட்டாது. கோடையின் இறுதியில் பறந்தாலும் எஞ்சிய நீருக்கு அடியிலுள்ள தரையைத் தடியாலோ ஒலியலைக் கருவியாலோ அளந்து சேர்க்க வேண்டும்.

சரிபார்ப்புப் புள்ளிகள் சொல்பவை

மென்பொருள் அறிக்கையில் கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் எச்சப் பிழை ஒரு சென்டிமீட்டர் என்று வருவதை மாதிரியின் துல்லியமாக மேற்கோள் காட்டுவது முறையன்று. அப்புள்ளிகளுக்குப் பொருந்துமாறே கணிப்பு வளைக்கப்பட்டது. கணிப்பில் சேராத புள்ளிகளின் பிழையே துல்லியத்துக்குச் சான்றாகும். அமெரிக்க ஒளிப்பட அளவை, தொலையுணர்வுக் கழகத்தின் 2023ஆம் ஆண்டு வரையறை குறைந்தது 30 சரிபார்ப்புப் புள்ளிகளைக் கோருகிறது. அப்புள்ளிகளை அளந்ததில் உள்ள பிழையையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. மாதிரிக்கும் புள்ளிக்கும் இடையிலான பிழை 4 செ.மீ., புள்ளியின் அளவைப் பிழை 3 செ.மீ. எனில், இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் கண்டு 5 செ.மீ. என்றே அறிவிக்க வேண்டும். சிறு ஆய்வுத் திட்டங்களுக்கு 30 மிகையெனத் தோன்றலாம். குறைவாக வைத்தால், எத்தனை என்பதையாவது மறைக்காமல் எழுதலாம்.

ஒற்றை எண்ணாகச் சுருக்கிய பிழையைவிட, பிழைகளின் குறியும் இருப்பிடமும் மிகுதியாகப் பேசும். எல்லாப் புள்ளிகளிலும் மாதிரி 8 செ.மீ. உயர்ந்து நின்றால் உயர அடிப்படை, ஆன்டெனா உயரம், குவியத் தொலைவு ஆகியவற்றை ஐயுற வேண்டும். நடுவில் கூடுதலும் ஓரத்தில் குறைவும் இருந்தால் குவிமாடம். ஒரு புறம் கூடி மறுபுறம் குறைந்தால் சாய்வு. புல்வெளியில் மட்டும் கூடினால் தாவரம். இவற்றையெல்லாம் சராசரியில் கரைத்துவிடும் அட்டவணை ஆய்வாளருக்கு உதவாது.

காலம் கடந்த ஒப்பீடு

ஒருமுறை அளந்து முடிப்பதோடு ஏரி ஆய்வுகள் நிற்பதில்லை. தூர்வாருமுன் ஒரு பறப்பும் தூர்வாரியபின் ஒரு பறப்பும் மேற்கொண்டு, இரு மாதிரிகளின் வேறுபாட்டிலிருந்து அகற்றிய மண்ணின் அளவைக் கணிக்கின்றனர். இரு பறப்புகளுக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் ஒரே மட்டக்குறியிலிருந்து பெறப்பட்டிருக்க வேண்டும். புறநகர்ச் சாலைகளில் தார் மேல் தார் இடப்படுவதால், சாலையில் வண்ணம் பூசிக் குறித்த புள்ளி அடுத்த ஆண்டு மறைந்திருக்கும். அதே இடத்தில் மீண்டும் குறித்தால் உயரம் மாறியிருக்கும். சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவர், கோயில் மண்டபத்தின் அடித்தளக் கல், மதகின் கட்டுமானம் போன்ற அசையாத இடங்களில் குறைந்தது மூன்று மட்டக்குறிகளைப் பதித்து, ஒன்று அழிந்தாலும் மற்ற இரண்டால் மீட்குமாறு விவரங்களைப் படத்துடன் அறிக்கையில் சேர்க்க வேண்டும். அவற்றின் உயரம், அவ்வுயரம் வந்த வழி, பயன்படுத்திய ஜியாய்டு மாதிரியின் பெயர், அளந்த நாள் ஆகிய நான்கும் ஒரு பக்கத்துக்குள் அடங்குபவை.

அப்பக்கம் இல்லாத நிலையில் நேரக்கூடியதை எளிய கணக்கால் காணலாம். 40 ஹெக்டேர் பரப்புள்ள ஏரியில் முதல் பறப்பு ஒரு ஜியாய்டு மாதிரியையும் இரண்டாம் பறப்பு மற்றொன்றையும் கொண்டு கணிக்கப்பட்டு, இடையே 10 செ.மீ. வேறுபாடு நுழைந்துவிட்டதாகக் கொள்வோம். ஒரு கூடை மண்கூட எடுக்கப்படாத நிலையிலும் 40,000 கனமீட்டர் மண் அகற்றப்பட்டதாகவோ வந்து சேர்ந்ததாகவோ வரைபடம் காட்டும். ஒப்பந்தக்காரரின் கணக்கில் அது ஏறத்தாழ 14,000 யூனிட்.